கடல் சூட்டுக்காக ஃபேன் போடாத வீடு

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு ஃபேன் இருக்கிறது. இரண்டு கோடைக்காலம் அதை நாங்கள் போடவேயில்லை. ஃபேன் நன்றாகத்தான் ஓடும். மேசை மேல் என் மருமகளின் சிப்பிகள் இருந்தன. இப்போது அவள் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். ஃபேனும் ஓடுகிறது.

சிப்பி என்று நான்தான் சொல்கிறேன். கடற்கரையில் பொறுக்குகிற சிப்பி இல்லை. கடலில் மேல் தண்ணீரில் மிதந்து வாழ்கிற, மணலைவிடச் சின்ன உயிர்களின் ஓடு. செத்ததும் ஓடு அடிக்குப் போய்ச் சேற்றில் படிந்துவிடும். கப்பலில் போய்க் குழாயை இறக்கி அந்தச் சேற்றை எடுத்து வருவார்களாம். குழாயில் மேலே இருப்பது நம் காலத்துச் சேறு. கீழே போகப்போகப் பழைய காலம். தண்ணீர் சூடாக இருந்தால் ஓட்டில் மெக்னீசியம் கொஞ்சம் கூடுதலாகச் சேருமாம். ஓட்டை அமிலத்தில் கரைத்து மெஷினில் வைத்தால், அது வாழ்ந்த நாளில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதுதான் அவளுடைய பிஎச்.டி. நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகு அவளால் தினமும் காலேஜுக்குப் போக முடியவில்லை. அவளுடைய சார் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். சேற்றை அலசிக் காயவைத்ததைக் கறுப்புத் தட்டில் கொட்டி வைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாகத் தொட்டு எடுப்பாள். ஃபேன் போட்டால் எல்லாம் பறந்துவிடும். தும்மல் வந்தால் எழுந்து வாசலுக்கு ஓட வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் ஸ்விட்சில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போடாதீர்கள் என்று வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன்.

கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வேர்த்து ஊத்துது, ஃபேனு போடாம குந்திகினு கீறீங்க? கரண்டு இல்லியா?"

"இருக்கு," என்றேன்.

மருமகள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "கடல் சேத்துல ஓடு பொறுக்கறேங்க்கா. அந்தக் காலத்துல கடல் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு பாக்க."

"அட, சேறா? ஒரு வார்த்தை சொல்லு, குண்டான் நெறைய நானே கொணாந்து குடுக்கறேன். வஞ்சிரத்துக்குக் காசு குடு, சேறு ஃப்ரீ!"

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்த மூச்சில் தட்டில் இருந்ததெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டது. முதலிலிருந்து பொறுக்கினாள்.

ஒருமுறை என்னையும் பார்க்கச் சொன்னாள். நாலைந்து பொரியை ஒன்றோடொன்று ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் துளை.

"அந்தத் துளைதான் அத்தை வம்பு," என்றாள். "உள்ள களிமண் ஒட்டியிருக்கும். அதுலயும் மெக்னீசியம் இருக்கு."

யூனிவர்சிட்டி அவளுக்குக் கொடுத்திருந்தது கடைசித் தவணை. அதற்குள் முடிக்காவிட்டால் இத்தனை வருஷமும் வீண். முடிப்பதற்கு ஒரு பரீட்சை இருந்தது. இன்றைக்குக் கடல் எவ்வளவு சூடு என்று எல்லோருக்கும் தெரியும். குழாயின் மேல்சேற்று ஓடு அதையே சொல்ல வேண்டும். அது சரியாகச் சொன்னால்தான் கீழே இருப்பதை நம்பலாம்.

முதல் தடவை மெஷின் காட்டியது, எந்தக் கடலிலும் இல்லாத சூடு. அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை.

"மாம்பழம் நறுக்கிட்டுக் கை கழுவாம சுகர் குத்திப் பாத்தீங்களே அத்தை, ஞாபகம் இருக்கா? அதே கதைதான்."

மறக்குமா? மீட்டரில் நானூறுக்கு மேல் காட்டியது. என் மகன் ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டான். கை கழுவிவிட்டு மறுபடி குத்தியதும் எப்போதும் வருகிறதுதான் வந்தது. ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். அதனால் எனக்கும் தைரியமாக இருந்தது. கழுவினால் சரியாகிவிடும்.

நன்றாகக் கழுவினாள். மருந்து ஊற்றி, குலுக்கி, மறுபடி மருந்து ஊற்றி. இந்தத் தடவை நம் கடலில் என்றைக்கும் இல்லாத குளிர் வந்தது. மண்ணோடு ஓடும் கரைந்திருக்கிறது. கரையும்போது மெக்னீசியம் அதிகமாக உள்ள இடம்தான் முதலில் போகுமாம்.

"நான் கழுவினப்போ கரைஞ்சதா, கடலுக்கு அடியில கெடந்தப்பவே கரைஞ்சுபோச்சா, அதுதான் தெரியல," என்றாள்.

மேல்சேற்றில் இன்னும் ஒரு தடவைக்கு மட்டும் ஓடு மிச்சம் இருந்தது. அதை நடுத்தரமாகக் கழுவிக் கொடுத்தாள். பதில் வந்த அன்று என் மகன்தான் முதலில் பார்த்தான். இன்றைய கடலின் சூடு, அப்படியே. அவன் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்தான்.

"டாக்டரம்மா, வாயத் தொற."

"வேணாம்."

"ஏன்? அதான் சரியா வந்துடுச்சே."

"சரியா வந்ததுதான் பயமா இருக்கு." அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சமிருக்கற மண்ணு சூட்டை ஏத்துது. கரைஞ்சுபோனது இறக்குது. ரெண்டு தப்பும் சேந்து சரியா வந்திருக்கு. மேல இருக்கறதுக்குப் பதில் தெரியும், அதனால இந்தக் கழுவல் சரின்னு சொல்றோம். கீழ இருக்கறதுக்கு யாருக்குப் பதில் தெரியும்? அங்க மண்ணு எவ்ளோ, கரைஞ்சது எவ்ளோ?"

"இதையெல்லாம் யாரு கேக்கப்போறாங்க?"

"நான் கேக்கறேனே."

அவன் மைசூர்பாகைப் பிட்டுத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். சண்டை போட வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்கும். என்னைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அடுத்த சில வாரம் அவள் பொறுக்கவில்லை, லென்ஸில் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாயில் ஒரு இடத்து ஓடு கெட்டியாக இருந்ததாம். இன்னொரு இடத்தில் கண்ணாடிபோல மெலிந்து கிடந்ததாம். ஒரே கழுவல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சாருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீ சொல்றது சரிம்மா. ஆனா நம்ப முடியாதுன்னு எழுதறதுக்கும் ஆதாரம் வேணும். இன்னும் ரெண்டு மூணு குழாய் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். கப்பல் எப்போ போகும்னு எனக்கே தெரியாது."

"டைம் கேட்டுப் பாக்கலாமா சார்?"

"கேட்டுட்டேன்மா."

அவள் "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பரவாயில்லை என்று சொன்னால் பொய். உன் மேல் தப்பு இல்லை என்பது அவளுக்கே தெரியும். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்க என் மகன் எடுத்துக்கொண்டு போன அன்று, மேசை மேல் கறுப்புத் தட்டு மட்டும் இருந்தது. அதில் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓடுகள் இன்னும் இருந்தன. பழக்கத்தில் நான் போய் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நின்றேன். அவள் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க அத்தை."

தட்டை மூடட்டுமா என்று கேட்க நினைத்தேன். தள்ளி நின்றேன். அவள் கை நீட்டி ஃபேனைப் போட்டாள். முதலில் இறக்கை மேல் இருந்த தூசி உதிர்ந்தது. அப்புறம் காற்று வந்தது. தட்டில் இருந்து பறந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, குழந்தைக்குப் பால் ஆற்றப் போனாள்.