மூடிராதீங்கக்கா, இதோ வந்துடறேன்

நேற்று மதியம் வில்லியனூர் வீட்டில் என் லேப்டாப் தானாக அணைந்து, தானாக எழுந்து உட்கார்ந்தது. அப்டேட்டாம். பிரவுசரைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். வாரக்கணக்கில் திறந்து வைத்திருந்த பதினேழு டேப்பும் போயே போச்சு. மூலையில் ஒரு குட்டிப் பெட்டி மட்டும், பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டது. சட்டென்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். அந்தப் பெட்டிக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு.

பாகூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பேருக்கு ஒரு யுபிஎஸ். அங்கே டேப் என்பது ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்கப் போட்டுவைக்கும் பை மாதிரி. மடுகரையிலிருந்து நெல் போடுகிறவர் ஒருவர் வருவார். பாதிப் படிவத்தில், "பட்டாவ மறந்துட்டேன்மா, வூட்டுக்குப் போயி எடுத்தாறேன். நம்ம பக்கத்த மூடிராத" என்று கிளம்புவார். மறுநாள்தான் வருவார். அதுவரை அவர் பக்கம் திறந்தே இருக்கும். எத்தனையாவது டேப் யாருடையது என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடைக்கார அண்ணன் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று. "இன்னா பெட்டி வந்தாலும் பெருக்கல் குறிய அமுக்கிடு. எல்லாம் விளம்பரம்."

நர்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று, சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. பூரணாங்குப்பத்திலிருந்து செல்வி அப்பா அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா மீன் விற்றுவிட்டு நேராக வந்ததால் அறை முழுக்க சங்கரா வாசனை. (இப்போதும் மீன் வாசனை வந்தால் எனக்கு விண்ணப்பப் படிவம்தான் நினைவுக்கு வரும், சொன்னால் யாரும் நம்புவதில்லை.) அப்பா தன் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லிவிட்டு, போனோடு படகேறப் போய்விட்டார். எல்லாம் நிரப்பியாயிற்று, போட்டோ மட்டும் பாக்கி. "மூடிராதீங்கக்கா, இதோ வந்துடறேன்" என்று செல்வி எதிர் ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு அதுவும் போனது. அரைமணி கழித்துக் கரண்ட் வந்து பிரவுசரைத் திறந்தேன். பெட்டி வந்தது. கண் படிப்பதற்குள் கை பெருக்கல் குறியை அமுக்கிவிட்டது. அதன்பிறகுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று மண்டையில் உறைத்தது. மறுபடி உள்ளே போக ஓடிபி வேண்டும். அந்தப் போனோ நடுக்கடலில்.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்றார் செல்வியின் அம்மா. சொன்னேன்.

"அவரு நாளைக்குத்தான் கரைக்கு வருவாரு" என்றவர் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பெண்ணின் படிப்பு என் ஒரு விரலால் போயிற்றே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

போட்டோவோடு வந்த செல்வி விஷயத்தைக் கேட்டாள். "இன்னாக்கா, இதுக்கா அழுவுறீங்க? கன்ட்ரோலும் ஷிப்டும் சேத்துப் புடிச்சி டி தட்டுங்க. ஸ்கூல் லேப்ல சார் வந்தா கேம மூடிடுவோம், அவரு போனதும் இப்டிதான் தொறப்போம்."

தட்டினேன். திரையில் மடுகரைக்காரர் வந்தார். அவர் பின்னாலேயே வரிசை மாறாமல் எல்லோரும் வந்தார்கள். கடைசி டேப்பில், பக்கத்தின் மேலே செல்வியின் பெயர். உள்ளேதான் இருந்தாள், ஓடிபி கேட்கவில்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த போட்டோ பறந்தே போனது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் அம்மா கூடையில் மிஞ்சியிருந்த இரண்டு சங்கராவை என் டிபன் பாக்ஸில் போட்டுவிட்டுப் போனார்.

செல்வி இப்போது பிள்ளையார்குப்பத்தில் நர்ஸ். சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். படிவமெல்லாம் அவரவர் போனிலேயே முடிந்துவிடுகிறது.

நேற்று அந்தப் பெட்டியை இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்தினேன். பதினேழும் வந்தன. கரண்ட் பில், பாதி படித்த சமையல் குறிப்பு, வாங்கவே போகாத ஒரு புடவை. நிம்மதியாக இருந்தது. எல்லாம் என்னுடையவைதான். இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அதில் ஒருவரும் இல்லை.