ஒரு விரல் தாழ்ந்த படகு

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் புரிந்ததில்லை. கப்பல் ஓட்டுகிறாயா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். கட்டுகிறாயா? இல்லை. சாமான் ஏற்றி இறக்குகிறாயா? அதுவும் இல்லை. பின்னே என்னதான் செய்கிறாய் என்றால், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். பார்க்கிறதுக்குச் சம்பளமா என்று லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பார்ப்பது என்ன லேசான காரியமா? சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் தவழ்ந்து போய், துருப்பிடித்த தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உயிர்காப்புப் படகு ஒழுங்காக இறங்குகிறதா, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வருகிறதா, நங்கூரச் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று வெளிப்பக்கத்துக் கோடுகளை வாசித்து, உள்ளே எத்தனை டன் சரக்கு இருக்கிறதென்று சொல்ல வேண்டும். முதலாளி ஒரு பக்கம், கப்டன் ஒரு பக்கம், காப்புறுதிக்காரன் ஒரு பக்கம் நின்று சீக்கிரம் எழுதித் தா என்று கழுத்தை நெரிப்பார்கள். நான் சரியில்லை என்று எழுதினால் கப்பல் நகராது. அவ்வளவுதான் என் வேலை.

லீவில் மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, கப்பல் என்னைத் தேடி மலைக்கே வந்துவிட்டது. தோட்டக் கம்பனி பழைய பங்களாவை ஹோட்டலாக்கி, வருகிற விருந்தாளிகளைத் தொழிற்சாலைக் குளத்தில் சுற்றிக் காட்டக் கரையோரத்திலிருந்து ஒரு பயணிகள் படகை வாங்கியிருந்தது. லுணுகலை வளைவுகளில் லொறியில் ஏறி வந்த படகு அது. கடலில் படாத அடியெல்லாம் எங்கள் ரோட்டில் பட்டிருந்தது.

படகை ஓட்டுகிற வேலை என் தங்கச்சியின் புருஷனுக்கு என்று முடிவாகியிருந்தது. மச்சான் மருந்தடிக்கப் போய்ச் சரிவில் விழுந்து முழங்கால் போனவர். மலையேற முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலை தோட்டத்தில் வேறு கிடையாது. ஆனால் முழு எண்ணிக்கை ஆட்களை ஏற்றலாம் என்று என்னைப் போல ஒரு கப்பல் சர்வேயர் எழுதிக் கொடுத்தால்தான் காப்புறுதி. இல்லையென்றால் படகைத் திருப்பி அனுப்பிவிடுவதாகக் கம்பனி சொல்லியிருந்தது. கொழும்பில் கேட்ட சர்வேயர்கள் எல்லோரும் ரோட்டைப் பற்றி விசாரித்துவிட்டு மாட்டேன் என்றார்களாம். கடைசியில் தோட்டத்தை நடத்துகிற துரையே லயத்துக்கு நடந்து வந்து என்னைக் கேட்டார். ஓட்டப் போகிறவர் எனக்கு மச்சான் என்று காப்புறுதிக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, யாராவது பார்த்தால் போதும் என்றார்கள்.

மறுநாள் குளத்தடிக்குப் போனால் திருவிழா. படகின் மூக்கில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். இதற்குச் சக்கரம் இல்லையே, பழத்தை எங்கே வைப்பது என்று கோவில் பூசாரிக்கும் டிரைவர்மாருக்கும் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. மச்சான் வெள்ளைச் சட்டையும் தங்கக் கோடு போட்ட தொப்பியுமாக, வேர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். படகு கரையில் கட்டித்தான் இருந்தது.

நான் என் வேலையைத் தொடங்கினேன். உயிர்காப்பு அங்கிகள் அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறையோடு பூட்டி வைத்திருந்தார்கள். பிரித்து வெளியே எடுக்க வைத்தேன். எஞ்சின் சுமார். ஹோர்ன் மட்டும் பிரமாதம். லொறி ஹோர்னைக் கழற்றி மாட்டியிருந்தார்கள், அடித்தபோது எதிர் மலையில் கொழுந்து பறித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

கடைசியாகப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். வெறும் படகு எதுவரை அமிழ்கிறது, முழுப் பாரத்தோடு எதுவரை அமிழலாம் என்று கணக்குப் போட்டுப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டேன். மணல் மூட்டை கேட்டேன், இல்லை. துரைதான் யோசனை சொன்னார். பக்கத்து நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பகல் கொழுந்து நிறுத்து முடிந்திருந்தது. தொழிற்சாலை லொறி வருவதற்குள் அந்த மூட்டைகளை ஏற்றிப் பார்க்கலாம், ஒவ்வொன்றின் எடையும் எழுதியே இருக்கிறது என்றார். கணக்கப்பிள்ளை எடைகளை வாசிக்க வாசிக்க, ஆட்கள் நிற்கிற மாதிரி மூட்டைகளைப் பரப்பி அடுக்கினோம். கொழுந்து கொடுத்த பெண்களும் வேடிக்கை பார்க்கக் கரையில் நின்றார்கள். தங்கச்சியும் நின்றாள். அவள் முகம் சரியில்லை. அன்றைக்கும் ஒரு கிலோ குறைந்ததென்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப்பேர் போட்டிருந்தார், அதாவது நாள் முழுக்கப் பறித்தாலும் அரைநாள் வேலை.

பாரம் முழுதும் ஏறியதும் குனிந்து பார்த்தேன். தண்ணீர் என் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு மேலே ஏறியிருந்தது.

ஒரு விரல்தானே என்று துரை சிரித்தார். அந்த ஒரு விரலில்தான் ஆள் சாகிறான் என்றேன். எங்கோ ஓட்டையில் தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்துப் பலகையைத் தூக்கி உள்ளே இறங்கித் தடவினேன். காய்ந்து கிடந்தது. அளவுகளை மறுபடி எடுத்தேன், கணக்கை மறுபடி போட்டேன். அதே விரல். மச்சான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் பொய் எழுத என் கை வராது.

அந்தத் தவிப்பில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். வாயைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. தன் மூட்டை தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் தன் சேலைத் துண்டால் கட்டுவாள், என் அம்மாவும் அப்படித்தான் கட்டினாள். அப்போதுதான் உறைத்தது. அட மடையா! இது துறைமுகம் இல்லையடா, தோட்டம். சாக்குக்கு, தண்ணிக்கு, முற்றின இலைக்கு என்று கழிவு போட்டு, உள்ள எடையைவிடக் குறைத்துத்தானே இங்கே கொழுந்தை எழுதுவார்கள்? அந்தக் கழிவிலேயே வளர்ந்த நான், அந்த எடையை நம்பிக் கப்பல் கணக்குப் போட்டிருக்கிறேன். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்திருக்கும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எழுந்து துரையிடம் போனேன்.

"சேர், ஒன்னு படகு சரியில்ல, இல்லாட்டி நிறுவை சரியில்ல. எதுன்னு எழுதட்டும்?"

துரை பெண்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார், பங்களாவைப் பார்த்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் பஸ் நிறைய அந்த வாரமே வர இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, படகு நல்ல படகுதான் என்றார். மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ கூட இருக்கும், அதைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று என் காதில் சொல்கிற மாதிரிச் சொன்னார். கரை முழுக்கக் கேட்டது.

சேர்த்தெல்லாம் போட முடியாது, எல்லா மூட்டையையும் என் முன்னால் திரும்ப நிறுக்க வேண்டும், ஒரு கிராம் கழிக்கக் கூடாது என்றேன். அது என் வேலையின் முறை. என் கோபமும் அதுதான், மறைப்பானேன்.

தராசு குளத்தடிக்கே வந்தது. கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாக நிறுத்துச் சத்தமாகச் சொன்னார். முதல் இரண்டு மூட்டைக்கு அவர் நாக்கு பழக்கத்தில் தானாகவே கழித்துவிட்டது. பெண்கள் படகைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திருத்திச் சொன்னார். அதன் பிறகு தப்பவில்லை. தங்கச்சியின் மஞ்சள் துணி கட்டிய மூட்டை வந்தது. முழுப்பேருக்கு வேண்டியதைவிடக் கூடவே இருந்தது. படகில் புருஷனின் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஒருதரம் அவரைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஐயா, எனக்கு முழுப்பேர் போடுங்க."

கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்தார். துரை என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"போடு," என்றார்.

மச்சான் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஹோர்னை அடித்தார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

உண்மை எடையைப் போட்டதும் தண்ணீர் ஏறிய இடம் கணக்கோடு ஒத்து வந்தது. படகு தேறியது. சான்றிதழில் சில நிபந்தனைகள் எழுதினேன். உயிர்காப்பு அங்கியைப் பூட்டி வைக்கக் கூடாது. சிவப்புக் கோட்டை அழிக்கக் கூடாது. தினமும் பகலில், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், ஹோர்னை ஒருதரம் அடித்துச் சோதிக்க வேண்டும். ஏன் அந்த நேரம் என்று துரை கேட்டார். அப்போதுதான் கரையில் ஆட்கள் இருப்பார்கள், வேலை செய்கிறதா என்று சாட்சி வேண்டும் என்றேன்.

கொழும்பு வந்த பிறகு தங்கச்சி போன் பண்ணினாள். கழிவு ஒழிந்துவிட்டதா என்று கேட்டேன். எங்கே ஒழிந்தது, மறுவாரமே திரும்ப வந்துவிட்டது என்றாள். ஆனால் கணக்கப்பிள்ளை எடையைச் சொல்ல வாயெடுக்கும்போது கீழே குளத்தில் ஹோர்ன் அடிக்குமாம். அவர் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி தராசைப் பார்ப்பாராம்.

"இப்ப ஒரு கிலோதாண்ணே கழிக்கிறாரு," என்றாள். "இவரு இன்னும் கொஞ்சம் நீட்டி அடிக்கலாமான்னு கேக்கச் சொன்னாரு."