பிறை பத்து

சவூதியிலிருந்து லீவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இருக்கும். அதை ரீ-என்ட்ரி என்பார்கள். ஊருக்குப் போய்விட்டு இன்ன தேதிக்குள் திரும்பி வந்து வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தேதி தாண்டிவிட்டால் விசாவும் வேலையும் அங்கே குடியிருப்பதற்கான இக்காமா அட்டையும் ஒரே நாளில் இல்லாமல் போகும். பத்து வயதிலேயே எனக்கு இது அத்துபடி. எண்பதுகளின் கடைசியில் அந்தக் கோடையில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் அங்கே ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் மெக்கானிக். நாலு வருஷம் கழித்து லீவில் வந்தார். சென்ட் வாசனையோடு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஒருவர் வந்து இறங்குவார் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வந்தவர் தூங்கினார். காலையில் தூங்கினார், பகலில் தூங்கினார், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினார். நோன்பு மாதம் வேறு. நோன்பு திறந்ததும் இரண்டு துண்டு சப்பட்டை மாம்பழத்தைத் தின்றுவிட்டு மறுபடி பாயைத் தேடுவார். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் பிள்ளைக்கோ மச்சினனுக்கோ ஒரு விசா கேட்டார்கள். ‘பாப்போம், பாப்போம்’ என்று எல்லாருக்கும் ஒரே பதில்.

வீட்டுக்குக் காங்கிரீட் போட்டாகிவிட்டது. பூச்சு வேலை பாக்கி. இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் போதும் என்று சொந்தக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் யாரும் அந்த வெயிலைப் பார்த்தவர்கள் இல்லை. அத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

டிக்கெட் பெருநாளைக்கு ஒரு வாரம் முந்தைய தேதிக்குப் போட்டிருந்தது. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை.

“நாலு பெருநாள ஒத்தையில கழிச்சாச்சு. இந்தப் பெருநாளைக்காவது இருந்து, ஆறு நோன்பையும் சேந்து வச்சுட்டுப் போங்களேன்” என்றாள்.

பெருநாள் முடிந்த மறுநாளிலிருந்து ஆறு நாள் விருப்பத்தோடு வைக்கிற நோன்பு அது. எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான் வைப்பாள்.

அத்தா பதில் சொல்லுமுன் மாமா காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர். தன் கை பட்ட காகிதம் தோற்காது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

“டிக்கெட்டத் தள்ளிப் போட்டுரலாம் மச்சான். கடைசித் தேதி என்னைக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும். மிச்சத்த நா பாத்துக்கிடுதேன்.”

தேதி அரபி எழுத்தில், அரபி மாதத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல எங்கள் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை விட்டால் யார்? எங்களுக்கெல்லாம் ஓதிக் கொடுத்தவர். பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஷவ்வால் பிறை பத்து வரை செல்லும் என்றார். நோன்பு மாதத்துக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் பிறைதான் பெருநாள். அதிலிருந்து பத்தாம் நாள் என்றால் ஆறு நோன்பும் முடிந்து, பம்பாய் போய்ச் சேரவும் தாராளமாக நாள் இருக்கிறது. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “சரி” என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

மாமா மதுரைக்குப் போய்ப் பழைய தேதியை ரத்து செய்துவிட்டு வந்தார். பெருநாள் கழிந்ததும் ஹஜ்ரத் விரலை மடக்கி எண்ணி, பிறை பத்துக்கு நேரான இங்கிலீஷ் தேதியைச் சொன்னார். மாமா மறுபடியும் மதுரைக்குப் போய் அதே தேதிக்கு டிக்கெட் வாங்கி வந்தார். கிடைத்த லீவில் ஒரு நாளைக்கூட விடக் கூடாதாம்.

அந்த ஆறு நாளும் அத்தாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். அம்மா எதற்கெடுத்தாலும் சிரித்தாள். அவள் சிரித்தால் கழுத்துவரை சிவக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

புறப்படுகிற அன்று, அத்தாவோடு அறையில் தங்கியிருப்பவர்களுக்கென்று மாமா பால்கோவா வாங்கி வந்தார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் அழுத அழுகையில் கண்டக்டரே இறங்கி வந்து சமாதானம் சொன்னார். அம்மா மட்டும் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

அதே பெட்டி, அதே கயிற்றோடு ஒரு வாரத்தில் குதிரை வண்டியில் திரும்பி வந்தது, அத்தாவும் கூடவே. நான் தெருவிலேயே குதித்தேன். வீட்டுக்குள்ளே இழவு விழுந்த மாதிரி சத்தம். பம்பாய் ஏர்போர்ட்டில் முத்திரையைப் பார்த்தவன் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினானாம். அனுமதி நேற்றோடு முடிந்துவிட்டது, போக முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சவூதியில் ஒரு நாள் முந்தியே பிறை தெரிந்து பெருநாளும் கொண்டாடிவிட்டார்கள். நமக்குப் பிறை பத்து, அவர்களுக்குப் பதினொன்று. பால்கோவா புளித்துப்போயிருந்தது.

மாமா அடுத்த பஸ்ஸில் வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே பள்ளிவாசலுக்குப் போய், “ஓதிப் படிச்ச மனுசனுக்கு இது தெரியாதா?” என்று நாலு பேர் முன்னால் கத்தினார். ஹஜ்ரத் அப்படியே எழுந்தார். மேல்துண்டுகூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஒம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே தம்பி.”

“விடுங்க ஹஜ்ரத். பிறை யாரு சொல்லுக்கு நிக்கும்?”

அத்தாவின் பெரிய மனதை ஊரே மெச்சியது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அலைச்சல். மாமா மனு மனுவாக டைப் அடித்தார். மதுரை, மெட்ராஸ், மறுபடியும் மெட்ராஸ். கம்பெனிக்குத் தந்தி கொடுத்தார்கள்; பதில் இல்லை. புது விசா என்றால் முதலிலிருந்து எல்லாம் ஆரம்பிக்க வேண்டும் என்று ஏஜெண்ட் கையை விரித்தான். போன இடத்திலெல்லாம் அத்தா பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவார் என்று மாமா அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். மாமாவின் செருப்புத்தான் தேய்ந்தது.

கடைசியில் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் அத்தா ஜெனரேட்டர் பார்க்கப் போனார். காலை பஸ்ஸில் போய், புருவம்வரை வெள்ளை அடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார். சம்பளம் கைக்கும் வாய்க்கும். வீட்டுக்குப் பூச்சு ஏறவே இல்லை. மழைக்கு உள்சுவரில் ஈரம் இறங்கும். பக்கத்து வீட்டு அக்கா போட்டுக் கழித்த பாவாடையில் நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குக் கோபமெல்லாம் ஹஜ்ரத் மேல்தான். அவர் ஓதிக் கொடுக்கும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரும் பழைய மனிதராக இல்லை. கலியாணத்துக்கு நாள் பார்க்க வந்தால்கூட, “தேதி மட்டும் எங்கிட்ட கேக்காதீய” என்று அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தா அவர் வீட்டுக்குப் போவார். ஒரு வாரம் மாம்பழம், ஒரு வாரம் கொஞ்சம் கறி, எதுவும் இல்லாவிட்டால் வெறுங்கை. நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அத்தா எழுந்து வந்துவிடுவார். பிழைப்பைக் கெடுத்தவரை இப்படித் தேடிப் போகிற மனது யாருக்கு வரும் என்று எனக்கு ஒரே பெருமை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கலியாணமாகி, வீட்டுக்காரரோடு நானும் சவூதிக்குப் போனேன். முதல் பெருநாள் அன்று பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“எங்களுக்கு நாளைக்குத்தானட்டி பெருநாள்” என்று அம்மா சிரித்தாள். “அங்க எப்பமும் ஒரு நாள் முந்தித்தானே. அத்தாவும் அப்படித்தான், நாம நோன்போட இருக்கையில பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, எனக்கு இன்னைக்கே பெருநாளுன்னு வருசா வருசம் சொல்லுவாவ.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினாள்.

“அப்ப, அந்தத் தேதி தப்புன்னு அத்தாவுக்குத் தெரியுமாம்மா?”

“அவிய சொல்லல. நானும் கேக்கல.” பிறகு, “எம்புட்டு அசந்துபோயி வந்தாவன்னு நீயும் பாத்தியே” என்றாள்.

எனக்கு இருவர் மீதும் கோபம் வரவில்லை. போக மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் அத்தாவுக்கு இடமே இருந்ததில்லை. ஆனால் ஹஜ்ரத் மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அத்தா அவரை மன்னித்துவிட்டு வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் கேட்காமலே எழுந்து வந்திருக்கிறார்.