ஒரே உறையில் போன இரண்டு தாள்கள்

காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனால் பாதிக் கட்டில்கள் விரிப்பு மாற்றி, ஆளில்லாமல் கிடக்கும். ஆரணியில் நான் குமாஸ்தாவாக இருந்த தரும ஆஸ்பத்திரியை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. எழுபதுகளின் கடைசி. காய்ச்சல் விட்டு, காயம் ஆறிவிட்டால் போதும். எங்கள் பெரிய சிஸ்டர் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பட்டு நெய்கிறவர்களுக்கு அதில் பெரிய நிம்மதி. அவர்கள் உட்காராத நாளில் தறியும் ஓடாது.

ஆனால் எங்களுக்கு நிதி கொடுத்த அறக்கட்டளையோ, நிரம்பிய கட்டில்களைப் பார்த்துத்தான் கொடுத்தது. மாதாமாதம் அந்த எண்ணிக்கையை எழுதி அனுப்புவது என் வேலை. அது குறையக் குறைய நிதியும் குறைந்து, கடைசியில் பிரசவ வார்டைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். எல்லோரையும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாமே என்று சிஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நல்லா ஆனவங்கள எதுக்குங்க படுக்கவெச்சிகினு இருக்கணும்? அவங்க பொழப்பு என்னாவறது?" என்றார்.

அடுத்த மாதம் சந்தவாசலிலிருந்து ஒரு பெண்ணை வலியோடு வண்டியில் கொண்டுவந்தார்கள். கட்டுப்போடும் அறையின் மேஜைமேல்தான் சிஸ்டர் அந்தப் பிரசவத்தைப் பார்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இருந்தும் அவள் புருஷன், இதற்குப் பெயர் ஆஸ்பத்திரியா என்று வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனான். மறுநாள் சிஸ்டர் அறக்கட்டளைக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, என் தபாலோடு சேர்த்து அனுப்பச் சொன்னார். சீக்கிரம் குணமாகிப் போகிறவர்களையும் கணக்கில் எடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அந்த மாத எண்ணிக்கையில், வீட்டுக்குப் போய்விட்டவர்களையும் இன்னும் கட்டிலில் இருப்பதாக நான் சேர்த்து எழுதினேன். இரண்டு தாள்களும் ஒரே உறையில் போயின. அதன் பிறகும் மாதந்தோறும் அப்படியே எழுதினேன்.

அடுத்த வருஷம் பிரசவ வார்டு மறுபடி திறந்தது. சிஸ்டர் என் மேஜைக்கே வந்தார்.

"எடுத்துச் சொன்னா அவங்களுக்கும் புரியுது, பாத்தீங்களா?"

புதிதாக வரும் நர்ஸ்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அவர் ஓய்வு பெற்றுப் போகிற அன்று பஸ் நிலையம் வரை கூடப் போனேன். அன்றும் அந்த எண்ணிக்கையைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் சென்னையில் எனக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், இன்சூரன்ஸ் அனுமதி வரவில்லையென்று ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். சட்டை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் காத்திருந்தபோது, எடுத்துச் சொன்னால் புரியும் என்ற சிஸ்டரின் பேச்சை நம்பாமல் போனேனே என்றுதான் தோன்றியது. ஒருவேளை அந்தக் கடிதத்தை அங்கே யாராவது படித்திருக்கலாம்.