உப்புக் கிணறும் முகக் க்ரீமும்

குழந்தைகளே, அம்மா முகத்தில் பூசும் க்ரீம் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தது. அவை தாமாகச் சேர்வதில்லை. நடுவில் சோப்பு வேண்டும். உருக்கிய ஸ்டியரிக் மெழுகில் சோப்புக் காரம் கலந்த சுடுதண்ணீரை ஊற்றிக் கிண்டினால், மெழுகில் கொஞ்சம் சோப்பாகிவிடும். அது ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், பாலக்கரை வாடகை வீட்டில் க்ரீம் கிண்டிக் கடைகளுக்குப் போட்டு வந்தேன். அந்தத் தை மாதம் மூன்று முறை திரிந்துபோனது. காலையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் தண்ணீர் கசிந்து எண்ணெய் கண் கண்ணாக மிதக்கும். உங்கள் அம்மா கொஞ்சம் எடுத்துத் தேய்த்தாள். வெள்ளை மறையவில்லை. கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “முன்ன குடியிருந்த பொண்ணுக்கும் க்ரீம்னா உசிரு. வந்து ஒரு வருஷம்கூட ஆகல, காய்ச்சல்ல போயிட்டா.”

அம்மா பெட்டியை எடுத்துவிட்டாள். “நான் ஸ்ரீரங்கத்துக்கே, எங்க வீட்டுக்குப் போறேங்க. இந்த வீட்ல எதுவும் சேர்ந்து இருக்காது. நீங்க க்ரீமையே கட்டிக்கிட்டு இருங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருக்குழாய் பழுதானதிலிருந்து கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில்தான் கிண்டினேன். அதில் துணி சோப்பே நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சோப்பின் கையைப் பிடித்துக்கொண்டால் எண்ணெயை யார் பிடிப்பது?

“காவிரித் தண்ணில ஒரு தடவை கிண்டிப் பாக்குறேன். திரிஞ்சா நானே பஸ் ஏத்தி விடறேன்.”

“இதே ரூம்லயா?”

“இதே ரூம்லதான்.”

ஸ்ரீரங்கம் படித்துறையில் குடத்தில் பிடித்து வந்து, வடிகட்டிக் கொதிக்கவைத்துக் கிண்டினேன். டப்பாக்களை மூடாமல் ஆறவிட்டு, அறையைச் சாத்திவிட்டு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். பெட்டி அவள் மடியில்.

மூன்று மணிக்குத் திறந்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை. ஆனால் ஒரே ஒரு டப்பாவில், விரல் விட்டு எடுத்ததுபோல் ஒரு குழி.

“ஆறும்போது நடுவுல சுருங்கும்,” என்றேன். உண்மைதான். ஆனால் எல்லா டப்பாவும் அல்லவா சுருங்க வேண்டும்?

அம்மா குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரலுக்கு அது சிறியது. பிறகு கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள். சுவடில்லாமல் மறைந்தது. பெட்டியைப் பரணில் ஏற்றினாள்.

“இருக்கேங்க. ஆனா கிண்டுறப்பல்லாம் இந்த ஜன்னல்ல ஒரு டப்பா தொறந்து வெச்சிடுங்க. பாவம், ஆசையா பூசிக்குவாளாம்ல.”

அப்படியே செய்தோம். நீங்கள் பிறந்ததும் அந்த வீட்டில்தான். ஜன்னல் டப்பாவில் குழி விழாத நாள் கிடையாது. காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறுவதால் அப்படி ஆகிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.