இளவரசிக்குக் கண் திறந்த நாள்

இது நடந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் கோணேசர் மேலேயே செய்வேன். பிள்ளையின் தலையில் மட்டும் செய்யமாட்டேன். ஏன் என்று படித்தால் விளங்கும்.

என் பெயர் உதயன். திருகோணமலையில் கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டியவன். இப்போது மொன்றியலில், லாசாலில், ஹென்றி அண்ணையின் கடையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். அவர் மட்டக்களப்பு வேதக்காரர், கிறிஸ்தவர். பேய், பிசாசு என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

டிசம்பர் மூன்றாம் திகதி, புதன்கிழமை. அவர் ஒரு பழைய ஓவியத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஏழெட்டு வயதில் ஓர் இங்கிலாந்து இளவரசி. முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். எல்லாம் தீட்டி முடிந்திருந்தது. கண்கள் மட்டும் இல்லை.

"அரண்மனைப் பிள்ளையளுக்குச் சித்திரம் படிப்பிச்ச மனுசி கீறினதாம். பேந்து இஞ்ச வந்து பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினவவாம். படத்துக்குச் சொந்தக்காறி கண்ணை வைச்சுத் தரச் சொல்லுறா. உன்ர கை எண்டா நம்பலாம்" என்றார்.

கோயிலில் கண் திறக்க முறை உண்டு. நேரே பார்த்துத் தீட்டக்கூடாது. கடைசிக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தே போட வேண்டும். முதற்பார்வை கண்ணாடியிலும் பசுவிலும் கன்றிலும் விழ வேண்டும். அதுவரை ஒரு மனிதரும் எதிரே நிற்கக்கூடாது. இதெல்லாம் சாமிக்குத்தானே, வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்னத்துக்கு என்று நினைத்தேன். லாசாலில் பசுவுக்கு எங்கே போவது? கெடுகுடி சொற்கேளாது என்பது எனக்காகச் சொன்னதுதான்.

மூன்று ஐம்பதுக்கு என் மகள் கௌசி பள்ளிக்கூடம் முடிந்து கடைக்கு வந்தாள். எட்டு வயது. என் முதுகுக்குப் பின்னால் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஹென்றி அண்ணை வெளியே போயிருந்தார்.

நான்கு பத்து. வலது கண்ணை முடித்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் கரித்துண்டு கடதாசியில் உரசும் சத்தம் கேட்டது. சர்... சர்... கௌசி ஏதோ கீறுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நான்கு பதினேழு. இடது கண்ணும் முடிந்தது. தூர நின்று பார்க்க ஒரு பக்கம் விலகினேன்.

சத்தம் நின்றது.

ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் மூச்சு புகையாக வந்தது.

"கௌசி, குளிருதோ?"

திரும்பினேன்.

மேசையில் கொப்பி மூடிக் கிடந்தது. பென்சில் பைக்குள் இருந்தது. கௌசி கடை முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு நேரே, முதற்பார்வை விழும் இடத்தில். கைகள் மடியில்.

அப்படியென்றால் இவ்வளவு நேரமும் கீறியது யார்?

சர்... சர்...

இப்போது அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் நடுவில் கேட்டது.

"பிள்ளை, எழும்பு."

உதடு அசையாமல் சொன்னாள்.

"ஆடக்கூடாதாம், அப்பா."

"ஆர் சொன்னது?"

"மதாம்."

பள்ளிக்கூடத்தில் ஆசிரியையை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

அவளுடைய தாடை மெல்ல உயர்ந்தது. யாரோ விரல் கொடுத்து நிமிர்த்துகிறார்கள்...

தாடையில் கரி. ஒரு விரல் அடையாளம்.

எப்படியோ டர்பன்டைன் துணியை எடுத்து, ஈரமாக இருந்த இரண்டு கண்களையும் அழித்தேன்.

நான்கு இருபத்தொன்று. சத்தம் நின்றது. கௌசி என்மேல் சாய்ந்தாள். உடம்பு ஐஸாக இருந்தது.

டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். முடிந்தது என்று நம்பினேன்.

மறுநாள், வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். சரியாக நான்கு பதினேழு. கௌசி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாடை உயர்ந்தது. நானும் மனைவி வசந்தினியும் சேர்ந்து தூக்கினோம். இருபத்து நாலு கிலோப் பிள்ளை. அசைக்க முடியவில்லை. பிறகு தானாகவே எழும்பிப் போய் விளையாடினாள். கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாள். ஒவ்வொரு நாளும் இதேதான்.

நேற்று முக்காலியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

நான்கு பதினேழுக்கு அவள் அந்தரத்தில் உட்கார்ந்தாள்...

வசந்தினி மயங்கி விழுந்துவிட்டாள்.

இன்று காலை ஹென்றி அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். படத்தின் பின்பலகையைக் கழற்றினாராம். உள்ளே அந்தச் சித்திர ஆசிரியை எழுதிய தாள் ஒன்று இருந்ததாம். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். சிரிக்கவில்லை.

"'இளவரசி செத்த பிறகு, கண்ணைப் பாத்துக் கீற என்ர மாணவி ஒருத்தியைப் படத்துக்கு முன்னால இருத்தினன். முதல் நாளே பயந்து கண்ணைச் சுரண்டிப்போட்டன். அப்பிடியும் பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்து இருந்தாள். பன்னிரண்டாம் நாள் இருந்தவள் எழும்பேல்லை.'"

"அண்ணை, இண்டைக்கு என்ன திகதி?"

"பதின்மூண்டு."

விரல் விட்டு எண்ணினேன். இன்று பதினோராவது நாள்.