சின்னம்மாவின் விரதங்கள்

சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் கொடுமுடிக்கு வடக்கே, காவிரிக் கரையில் இருந்தது. அங்கே அவருக்கு விரதமில்லாத நாள் அபூர்வம். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் மாரியம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. இவை போக சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி. எதிலும் சேராத ஒரு நாளில் சாப்பிடாமல் இருக்க நேர்ந்தால், யாரும் கேள்விப்படாத ஒரு கன்னிமார் சாமியின் பெயரைச் சொல்வார்.

அவர் என் அம்மாவின் தங்கை. குழந்தை இல்லை. சித்தப்பா பஞ்சு வியாபாரமாகத் திருப்பூர்ப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். அதனால் எட்டு வயதுகூட நிரம்பாத என்னைத் துணைக்கு என்று அனுப்பியிருந்தார்கள். துணையாக நான் செய்த ஒரே காரியம், சின்னம்மாவின் இலையில் விழுந்ததைத் தின்று தீர்த்தது. மாமியார் நெய்க்கிண்ணத்தோடு வந்து ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்புவார். நெய்ச்சோறு என் இலைக்கு வந்துவிடும். அந்தக் கோடையில் நான் பாவாடை நாடா எட்டாத அளவுக்குப் பெருத்தேன். சின்னம்மாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறின. அதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. பக்தி உள்ளவர்கள் இளைப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அவருக்கு மேல்வயிற்றில் ஒரு வலி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வந்தது. நெய், எண்ணெய், கறி, எது உள்ளே போனாலும் சற்று நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும். வயிற்றைக் காயப்போட்டால் சில நாள் எட்டிப் பார்க்காது. கோபிசெட்டிபாளையத்து வைத்தியர் சூலை என்றார். இன்னொருவர் குன்மம் என்றார். வெகுகாலம் கழித்து, கோயமுத்தூர் டாக்டர் ஒருவர்தான் கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதையும், அது வெந்து சுருங்கிக் கல் பிடித்திருப்பதையும் எங்களுக்குச் சொன்னார். அதுவரை பட்டினியும் குனிவதும்தான் மருந்து. மிஞ்சிப்போனால், என் மாமன் லைசென்சு கடையில் வாங்கிக் கொடுத்த அபினில் கடுகளவு.

அபின் உள்ளே போன மத்தியானங்கள் எனக்குப் பிடிக்கும். சின்னம்மாவின் கண் பாதி மூடியிருக்கும், கதை சொல்வார். ஆறு எழுந்து நடந்து சந்தைக்குப் போகும். மீன்கள் அதன் பின்னால் வழி கேட்டுக்கொண்டு வரும். சந்தையில் ஆற்றுக்கு உட்கார இடம் கிடைக்காது. அதோடு கதை நின்றுவிடும். வெயில் ஓட்டுக்கூரைச் சந்து வழியாக இறங்கித் தரையில் காசு காசாகக் கிடக்கும். நான் அந்தச் சந்தையிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

மற்ற நாட்களில் சாமி படத்துக்கு முன்னால் காலை மடக்கி, நெற்றி தரையில் பட, நெடுநேரம் கிடப்பார். நான் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிப்போவேன். சாமியிடம் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று ஒருமுறை கேட்டேன்.

“நாயம் பேசிட்டு இருக்கறேன் கண்ணு. உன்ற சாமி கொஞ்சம் புடிவாதக்காரரு.”

ஊர் இதையெல்லாம் பார்த்தது. திருநீறு வாங்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து நின்றார். “ஏனுங் அம்மணி, செவலை மாட்டைக் காணமுங்க, எந்தப் பக்கம் போயிருக்குமுங்க?” சின்னம்மாவுக்கு அப்போது உட்காரவே முடியவில்லை. அவரை அனுப்பினால் போதும் என்று, “தெக்கால பாருங்க” என்றார். தெற்கே கரும்புக்காடு. மாடு வேறெங்கே போகும்? மறுநாள் அவர் வாழைத்தாரோடு வந்தார். அதற்குப் பிறகு காணாமல் போன எதையும் ஊரில் யாரும் தேடவில்லை. நேரே சின்னம்மாவிடம் வந்தார்கள்.

இந்தப் புகழை அவர் விரும்பவில்லை. ஆனால் அது தேவையாக இருந்தது. சித்தப்பாவின் பங்காளி வீடுகளில் ஒன்றில், வயிற்று நோவுக்காரி என்று தெரிந்ததும் மருமகளை உடம்பு தேறி வரட்டும் என்று தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளை அழைத்துவர வண்டி போகவே இல்லை. கொஞ்ச நாளில் வேறொரு புதுப்பெண்ணை அழைத்துவரத்தான் போனது. “ஊட்ல ஆருகிட்டயும் வயிறுன்னு வாயெடுக்கப்படாது” என்று சின்னம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

சிக்கல் மாமியாரின் ஓரகத்தி வடிவில் வந்தது. அந்த அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “முடிக்காத வெரதம் ஊட்டுக்கு ஆகாதுங்கக்கா. இருக்கறா இருக்கறா, ஒண்ணையாச்சும் மொறையா முடிச்சாளா? அப்பறம் எப்படிப் புள்ள பொறக்கும்?”

விரதம் என்றால் அதற்கு ஒரு முடிப்பு உண்டு. சாமிக்குப் படைத்த நெய்ப்பொங்கலின் முதல் அகப்பையை, பத்துப் பேர் பார்க்க, விரதக்காரிதான் சாப்பிட வேண்டும். சின்னம்மா இத்தனை விரதங்களைத் தேடிப்பிடித்தபோது இதை மட்டும் மறந்திருந்தார். மாமியார் அதிகம் பேசாதவர். “ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடில முடிச்சுப்போடலாம்” என்றார். அவ்வளவுதான்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த புதிது. காவிரியைப் பூட்டிவைத்து வேண்டும்போது திறந்துவிடுகிறார்களாம் என்று வண்டியில் பேசிக்கொண்டே போனார்கள். நாங்கள் போய் இறங்கியபோது ஆறு செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் மிதந்தன. ஈரச்சேலைகள் காற்றில் படபடத்தன. எல்லாரும் ஏதோ ஒரு தூக்கத்துக்குள் நடமாடுவதுபோல் எனக்குத் தோன்றியது.

பொங்கலில் நெய் குளம் கட்டி நின்றது. மாமியார் முதல் அகப்பையை வாழையிலையில் வைத்து நீட்டினார்.

“மொதல்ல புள்ளைக்குக் குடுத்துட்டு நான் சாப்புடறனுங்கத்தை.”

நான் கையை நீட்டியேவிட்டேன். ஓரகத்தி சிரித்தார். “வெரதம் இருந்தது நீயா, இந்தக் குண்டம்மாளா?”

சின்னம்மா சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல், மெதுவாக, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு கை கழுவப் படியில் இறங்கியவர் நீண்ட நேரம் மேலே வரவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கடைசிப் படிக்கு மேல் படியில், நெற்றி கல்லில் பட மடங்கிக் கிடந்தார். தண்ணீர் அவர் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போனது. சேலைத் தலைப்பு வாயில் இருந்தது.

மேலே பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓரகத்தியின் குரல் எல்லாருக்கும் கேட்டது. “ஏனுங்கக்கா, உங்க மருமகளுக்கு வயித்துல ஏதாச்சும் கோளாறுங்களா? போன நோம்பிக்கும் சாப்புட்டுப்போட்டு இப்படித்தான் குனிஞ்சு கெடந்தா.”

மாமியார் படியிறங்கி வந்தார். வண்டி போகப்போகிறது, சின்னம்மாவை அம்மாவிடம் விடப்போகிறார்கள், இனி நெய் கிடையாது என்று நான் நினைத்தேன். மாமியார் சேலை நனைய அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையின் அடியை முதுகில் வைத்து, நெஞ்சுக்குழிக்கு நேர் பின்னால் இருக்கும் இடத்தில், தன் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். அப்படியே மேலே நிமிர்ந்து பார்த்தார்.

“சாமி வந்திருக்குது. ஆரும் கிட்ட வரப்படாது. குலவை போடுங்க.”

ஒருவர் தொடங்க, படித்துறை முழுவதும் குலவை எழுந்தது. சற்றுத் தள்ளிப் பொங்கல் வைத்திருந்த வேற்றூர்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓரகத்தியும் போட்டார், அவருடையதுதான் உரக்கக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் சின்னம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அலறினார். பக்கத்தில் இருந்த எங்கள் இருவருக்கு மட்டும் அது கேட்டது. குலவை ஓயப் பார்த்தபோதெல்லாம் மாமியார் இன்னொரு கையைத் தூக்கி, போடுங்க, போடுங்க என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

வெயில் இறங்கிய பிறகு வண்டி கட்டினார்கள். சின்னம்மா என் மடியில் தலைவைத்து ஒருக்களித்து, முழங்காலை மார்போடு சேர்த்துக் கிடந்தார். சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக அவர் முகத்தின்மேல் நிழலிட்டு விலகின. முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார், எல்லாருக்கும் கேட்கும்படி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“இனி இவ நெய்யும் எண்ணையும் கையில தொடக்கூடாதுங்கறது சாமி உத்தரவு. கஞ்சியும் மோருந்தான். ஊட்ல ஆரும் இதைப் பத்திப் பேசப்படாது.”

எனக்குத் தாங்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தவள். “சாமி ஒண்ணுமே சொல்லலீங்களே! அம்மா அம்மான்னுதான் கத்துச்சு. நான் கேட்டனுங்க.”

ஓரகத்தி திரும்பிப் பார்த்தார். மாமியார் என் தலையில் கைவைத்து, “சாமி சொன்னது உனக்குக் கேட்டிருக்காது கண்ணு” என்றார்.

நான் அதை நம்பினேன். என் காது சாமிக்கு உகந்த காது இல்லை என்று பல வருஷம் வருந்தியிருக்கிறேன். ஒரே ஒரு சுவர் நடுவில் இருந்த அந்த வீட்டில், மாமியாருக்குச் சின்னம்மாவின் வலி எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.